உரித்த சுவர்

செப்டம்பர் 27, சனி

காலையில் வெயில். பிற்பகலில் மலை உச்சியில் மட்டும் மேகம். மழைக்கு முன் செய்ய வேண்டியவை:

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றுகள். (பிடுங்கியாயிற்று. ஒன்று வேரோடு வரவில்லை, வெந்நீர் ஊற்றினேன்.)

மாடித் தண்ணீர் இறங்கும் குழாய். வாயில் காக்கைக் கூட்டுக் குச்சிகள், ஒரு பல் துலக்கும் பிரஷ். யாருடையது?

வடக்குச் சுவர் அடியில் காரை உப்பிய இடங்கள். சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டும். சிமெண்ட் கூடாது. இதைக் கொத்தனார் ஏழுமலையிடம் வருடாவருடம் புதிதாகச் சொல்ல வேண்டும்.

கார்த்திகை தீபத்துக்கு முன் வெள்ளை அடிப்பது.

நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருடத்திலிருந்து இவை என் வேலை. யாரும் கொடுக்கவில்லை. அம்மாவின் அறை வடக்குச் சுவரை ஒட்டியது, சாரல் அடிப்பதும் அந்தப் பக்கம்தான். யாராவது பார்க்க வேண்டும், பார்த்தேன்.

மாலையில் சென்னையிலிருந்து தம்பி செந்தில் போன்.

"முன்னாடி ரெண்டு ரூமையும் கஃபேக்கு விடப் போறேன்க்கா. பெங்களூர்ல இருந்து ஒரு பையன். நல்ல டைப். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறான். வெளிப்பூச்சு மொத்தத்தையும் எடுத்துட்டு செங்கல் தெரியற மாதிரி பண்ணித் தரணுமாம்."

"ஐப்பசி மழை வரப் போவுது. இப்ப போயா?"

"நீ எதுக்குத்தான்க்கா சரின்னு சொல்லியிருக்க?"

அம்மா கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள். "நீ செய்யிப்பா. உனக்குத் தெரியாததா." என்ன செய்யப் போகிறான் என்று போனை வைத்த பிறகு என்னைக் கேட்டாள்.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. புழுக்கம். விடைத்தாள் கட்டு அப்படியே இருக்கிறது.

செந்திலும் அந்தப் பையனும் காரில் வந்தார்கள். பெயர் வருண். முப்பது இருக்கும், தாடி, மெல்லிய குரல், வெறுங்கால். சந்தையில் மாட்டைத் தடவிப் பார்ப்பதுபோல் சுவரைத் தடவினான்.

"இதுக்குள்ள ஒரு அழகான வீடு ஒளிஞ்சிருக்கு மேடம்."

விளக்கினேன். இது பக்கத்துச் சூளையில் பாதி வெந்த செங்கல். இடையில் இருப்பது சேற்று மண். கட்டியவர் கைக்காசெல்லாம் மேலே போட்ட சுண்ணாம்புக் காரைக்குத்தான் போனது, வீட்டைக் காப்பதும் அதுதான். உள்ளே இருக்கும் செங்கல் யார் கண்ணிலும் படுவதற்காக வைத்ததல்ல.

பொறுமையாகக் கேட்டான். "அந்த ராவா இருக்கிற லுக்தான் மேடம் எங்களுக்கு வேணும்."

"அம்மா ரூமு அந்தச் சுவத்துக்குப் பின்னால" என்று செந்திலிடம் சொன்னேன். "முன்பக்கம் வேணா ஏதோ பண்ணு. வடக்குச் சுவத்த விட்டுடு."

"ரோட்ல இருந்து வர்றவங்களுக்கு மொதல்ல தெரியறதே வடக்குச் சுவருதான்க்கா." பிறகு அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, உனக்கு எதுனா பயமா?"

"நீ இருக்கும்போது எனக்கு என்னடா பயம்?"

அவன் இருப்பது சென்னையில். வீடு அவன் பெயரில், அப்பா எழுதிவைத்தது. சுவரைப் பார்த்துக்கொள்வது மட்டும் என் பெயரில்.

போகும்போது வருண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எரிச்சல்.

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி. செங்கம் சாலை முழுக்க கிரிவலக் கூட்டம், ஆட்டோ வரவில்லை, கல்லூரிக்கு நடந்தேன். பௌர்ணமிக்கு மறுநாள் சுவரடியில் பினாயில் ஊற்றிக் கழுவுவதும் என் பட்டியலில் உண்டு. எழுத விட்டுப்போயிற்று.

திரும்பி வரும்போது உளி சத்தம் தெருமுனையிலேயே. ஏழுமலையும் இரண்டு ஆட்களும். வடக்குச் சுவரில் பாதி உரிந்திருந்தது. காரை பெரிய பெரிய தகடாக, விளிம்பு உடையாமல், அவ்வளவு உறுதியாக. நன்றாக ஒட்டியிருந்ததால் சம்மட்டி தேவைப்பட்டது என்று ஏழுமலை குறைப்பட்டுக்கொண்டார்.

"உங்களுக்குமா தெரியாது ஏழுமலை? இந்தச் செங்கல் தண்ணி தாங்குமா?"

"ஓனரு சொல்றாரு, நான் கொத்துறேன், டீச்சரம்மா. ஆசிரமம் பக்கம் போய்ப் பாருங்க, இப்ப இதான் ஃபேஷனு. புதுச் சுவத்துல செங்கல் மாதிரி டைல்ஸ் வாங்கி ஒட்றானுங்க. நமக்கு ஒரிஜினலே இருக்குது. குடுத்து வச்சிருக்கணும்."

கூட்டத்தில் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"வீட்ட இடிக்கிறாங்களாக்கா?"

"ரிப்பேரு போல."

"இதுக்குப் பேசாம இடிச்சிட்டே கட்டலாம்."

அவர்கள் சொன்னதுதான் இன்று கேட்ட ஒரே அறிவுள்ள பேச்சு.

திரைச்சீலை, சோற்றுப் பானை, என் தலை எல்லாம் செம்மண் தூள். இரண்டு முறை குளித்தேன்.

அக்டோபர் 8, புதன்

சுவரிலிருந்து கழன்று விழுந்த ஒரு முழுச் செங்கல்லை எடுத்து நேற்று மாலை பக்கெட் தண்ணீரில் போட்டு வைத்தேன். இன்று காலை ஓரங்கள் இல்லை. தூக்கியபோது நடுவில் உடைந்தது. உள்ளே வேகாத வடையின் நிறம். அடியில் ஒரு கை சேறு.

போட்டோ எடுத்து செந்திலுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

பாலிமர் வகுப்பு. மூன்றாம் வருடம். பாதிப் பேர் வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில், ஆனால் காற்று மாறிவிட்டது.

செந்தில் வந்தான். பக்கெட்டைக் காட்டினேன். சிரித்தான். உண்மையாகவே சிரித்தான், கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

"யாருக்கா வீட்டத் தூக்கி பக்கெட்ல ஊற வைக்கப் போறா?"

அம்மாவும் சிரித்தாள். ஏழுமலை மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

சேற்று மண் தெரிந்த இடுக்குகளையெல்லாம் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். இன்று அதன்மேல் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங். தண்ணீர் உள்ளே போகவே போகாது என்று டப்பாவில் போட்டிருக்கிறதாம். போகாமல் இருக்காது. மேலே கைப்பிடிச் சுவர் வழியாகவும் கீழே தரை வழியாகவும் போகும். போன பிறகு வெளியே வர வழி இருக்காது. இதைச் சொல்ல வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ரெயின்கோட்டுக்குள் வியர்த்தவர் எவரும் சொல்வார்.

"இந்த மழையிலயே அந்தச் சுவரு கரைஞ்சு எறங்கும், பாத்துக்கோ" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அது என் வழக்கமில்லை.

அம்மா சட்டென்று, "நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவுடி."

அக்டோபர் 19, ஞாயிறு

முதல் நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். தீபாவளிக்கு அதிரசம் சுட வேண்டும் என்று அம்மா. வெல்லம் பழையது, பாகு வரவில்லை.

மழை விட்டதும் வெளியே போய்ப் பார்த்தேன். ஈரத்தில் செங்கல் அத்தனையும் சிவந்து, ஒவ்வொன்றும் ஒரு நிறமாக, மாலை வெயில் பட்டு மின்னியது. எதிர்வீட்டுக்காரர் குடையோடு நின்று போட்டோ எடுத்தார். அழகாகத்தான் இருந்தது. எழுதாமல் விட்டால் பொய்.

அக்டோபர் 27, திங்கள்

விட்டுவிட்டு மழை. துணி காயவில்லை.

கோட்டிங்குக்கு அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. சில செங்கல்களின் முகம் அப்பளம்போல் எழும்பி நிற்கிறது. நகத்தால் தட்டினால் உதிர்கிறது. சிமெண்ட் கோடுகள் மட்டும் கெட்டியாக, பல் போன ஈறுபோல.

அம்மாவின் அறையில் உள்பக்கம் ஓதம். இடுப்புயரம் வரை. கட்டிலை நடுவுக்கு இழுத்தேன். அம்மா திரும்பச் சுவரோரம் தள்ளச் சொன்னாள், ஃபேன் காற்று நடுவில் ஜாஸ்தியாம்.

ஏழுமலையை வரச் சொல்லிக் காட்டினேன்.

"திரும்பப் பூசிடுங்க. சுண்ணாம்புலயே. நான் பாத்துக்கறேன், தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

"இந்த ஈரத்துல சுண்ணாம்பு நிக்காது டீச்சரம்மா. வெயில் வேணும். தை பொறக்கட்டும்."

அவர் சொன்னது சரி. எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

தார்ப்பாய் வாங்கி வந்து மாடியிலிருந்து தொங்கவிட்டுக் கட்டினோம். நீலம். வேறு நிறம் கடையில் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கஃபே திறப்பு. காலையில் மழை இல்லை. வாழைமரம், மாவிலை. வாசலில் கண்திருஷ்டிப் பூசணி.

ஆறு மணிக்கே தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்கள்.

"போட்டோல ப்ளூ கலர் ரொம்ப டிஸ்டர்பிங்கா இருக்கு மேடம். ஃபங்ஷன் முடிஞ்சதும் நானே கட்டிடறேன்" என்றான் வருண்.

அம்மா பட்டுப்புடவையில் முன்வரிசை நாற்காலியில். மண் குவளையில் காபி கொடுத்தார்கள். "இத என்னடா பண்றது, குடிச்சிட்டுக் கழுவறதா தூக்கிப் போடறதா?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

செந்தில் நாலு வெள்ளைக்காரர்களைச் சுவரருகே நிறுத்தி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் இந்த வீட்டை யாரும் கவனிக்கவே இல்லை, மேலே மேலே வெள்ளை அடித்து மூடி வைத்திருந்தார்கள், நான்தான் மீட்டேன் என்று. மீட்டேன் என்பதற்கு அவன் சொன்ன சொல், மூழ்குகிறவனைக் காப்பாற்றுவதற்குச் சொல்வது. நான் தட்டில் கேசரி வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். ஒரு ஜெர்மன் அம்மாள் மட்டும் சுவரைத் தொட்டு, விரலைப் பார்த்து, துண்டில் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் தூறல். வருண் கட்டவில்லை. நான் ஏறிக் கட்டினேன். ஒரு முனை கட்ட வரவில்லை.

நவம்பர் 20, வியாழன்

நாலு நாளாக மழை. கல்லூரிக்கு லீவு விட்டார்கள்.

தார்ப்பாய் திரும்பவும் அவிழ்ந்து கிடக்கிறது. காற்றா, வருணா, கேட்கவில்லை. சுவரடியில் ரத்தச் சிவப்பில் சேறு ஓடி வாய்க்காலில் சேருகிறது.

அம்மாவிடம், மழை விடும் வரைக்கும் என் அறைக்கு வந்து படு என்றேன்.

"என் ரூம விட்டு நான் எதுக்குடி வரணும்? அவன் பாத்துக்குவான்."

செந்திலுக்குப் போன். கூட்டம் வரும் நேரம், தீபம் முடியட்டும், முடிஞ்ச மறுநாளே ஆள் வைக்கறேன் என்றான். பின்னால் டிவி சத்தம்.

மத்தியானம் அம்மா அவள் தங்கையோடு போனில். தங்கைக்குக் காது மந்தம், அதனால் அம்மா கத்துவாள். நான் சமையலறையில்.

"சுவரு ஊறுதுடி. ஆமா... அவ அன்னிக்கே சொன்னா, கரைஞ்சு எறங்கும்னு... அதான் சொல்றேன். அவளுக்குக் கருநாக்கு. அவங்கப்பா ஆபரேஷனுக்குப் போவும்போது வேணாம்னா, என்ன ஆச்சி? அவ கல்யாணம் நெலைக்காதுன்னு மொதல்ல சொன்னதே அவதான? மணவறைக்குப் போறதுக்கு முந்தின நாளு எங்கிட்ட சொல்றா! நெலச்சுதா?"

குக்கரில் விசில் வந்தது. மூன்றாவதா நாலாவதா தெரியவில்லை. பருப்பு குழைந்துவிட்டது.

அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டு நிறுத்தியிருக்கலாமே என்று அவளுக்கு இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடத் தோன்றவில்லை. சொன்னதுதான் குற்றம்.

நவம்பர் 26, புதன்

மழை இல்லை. நல்ல வெயில். விழுந்தது இன்றைக்கு.

இரண்டாவது வகுப்பு நடுவில் வருண் போன். "மேடம், அம்மா சேஃப். மொதல்ல அத சொல்லிடறேன்."

ஆட்டோ. தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டதால் வழியெல்லாம் பேருந்து, போலீஸ், தடுப்புக் கட்டைகள். தெருமுனையில் இறங்கி ஓடினேன். நான் ஓடி எவ்வளவோ காலம்.

முதலில் வெளிவரிசைச் செங்கல் சரிந்து, பிறகு உள்வரிசையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வடக்குச் சுவர் நடுவில் இரண்டு கதவு அகலத்துக்கு ஓட்டை. உத்திரங்கள் குறுக்குச் சுவர்களில் உட்கார்ந்திருப்பதால் கூரை நிற்கிறது. ஏழுமலை சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கட்டில் மேல் செங்கல்லும் சேறும். தலையணை இருந்த இடத்தில் ஒரு முழுப் பாளம், சிமெண்ட் கோடு பிரியாமல்.

கஃபேயில் வாழைப்பூ வடை வாசனை வந்ததாம். எழுந்து போய் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நேரம்.

நான் உள்ளே போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வடை இன்னும் கையில். தோளைத் தொட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப திருப்தியாடி உனக்கு?"

நவம்பர் 28, வெள்ளி

மேகமூட்டம். செந்தில் காலையில் வந்தான்.

அம்மா நேற்றே பையைக் கட்டிவிட்டாள். நாலு புடவை, மாத்திரை டப்பா, கண்ணாடி. சீவி முடித்து, பொட்டு வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சென்னைக்குப் போக.

செந்தில் முதலில் ஓட்டையைப் பார்க்கப் போனான். வருணும் கூட. நானும் போனேன். வருண் முதல் நாள் ராத்திரியே படம் எடுத்துப் போட்டிருக்கிறான், எக்கச்சக்கமான பேர் பார்த்திருக்கிறார்களாம்.

"ப்ரோ, ஒரு ஐடியா. இத ரிப்பேர் பண்ணாதீங்க. ஓரத்த மட்டும் ஸ்ட்ராங் பண்ணிட்டு அப்படியே விட்டா நேச்சுரலா ஒரு ஆர்ச் கெடைக்குது. உள்ள நாலு டேபிள். லைட் செட் பண்ணா வேற லெவல். தீபத்தன்னிக்கே ஓப்பன் பண்ணிடலாம்."

செந்தில் கொஞ்ச நேரம் ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் கடையில் பொம்மை பார்க்கும்போது அப்படித்தான் இருக்கும்.

"அம்மா ரூமுடா அது" என்றேன்.

"ரூமா இருந்தாத்தான்க்கா ரூமு. இப்ப அது ஓப்பன் ஸ்பேஸு."

கூடத்தில் அம்மா: "கெளம்பலாமாப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல்: "அங்க ரெண்டே பெட்ரூம்மா. பையனுக்கு வேற பரீட்சை. லிஃப்ட்டும் சரியில்ல. அக்கா ரூமு பெருசுதான? ரெண்டு கட்டில் தாராளமா போடலாம். நீயும் அக்காவும் ஒண்ணா இருங்க. எனக்கும் நிம்மதி."

"எத்தினி நாளைக்கு?"

"பாக்கலாம்மா."

அம்மா பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அவன் கார் கிளம்பிப் போன பிறகும் வெகு நேரம் இறக்கவில்லை. நான் எடுக்கப் போனபோது, "இருக்கட்டும்" என்றாள்.

வாயிலில் வைத்துச் செந்தில் என்னிடம் சொன்னது: "நீ கூடவே இருந்தும் பாத்துக்காம விட்டுட்டியேக்கா."

நவம்பர் 30, ஞாயிறு

தூறல். ஊர் முழுக்க ஆள். தண்ணீர் லாரி வரவில்லை, குடத்தில் பிடித்து வைத்தது தீர்ந்துவிட்டது. விடைத்தாள் முடித்தேன்.

கட்டிலைக் கழுவி என் அறையில் போட்டாயிற்று. மெத்தை போயிற்று. அம்மா நேற்று முழுக்கப் பேசவில்லை. மாத்திரையை மட்டும் நான் நீட்டினால் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் டேபிள் இழுக்கும் சத்தம். ஓட்டையைச் சுற்றி மஞ்சள் பல்பு மாலை. ஏழுமலை ஓரங்களுக்கு சிமெண்ட் பூசுகிறார்.

காலையில், அதேபோல் உரித்துவிட்ட முன்சுவரையும் தொட்டுப் பார்த்தேன். வாசலுக்கு வலப்பக்கம், இடுப்புயரத்தில், விரல் முதல் கணு வரை உள்ளே போயிற்று. வருணை அழைத்து அவன் விரலையும் வைக்கச் சொன்னேன். வைத்தான். தீபம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் மேடம் என்றான். செந்திலுக்கும் எழுதினேன், கூட்டத்தை அந்தப் பக்கம் உட்கார வைக்காதே என்று. நீல டிக்.

சாப்பிட்ட பிறகு அம்மா படுத்திருந்தாள். முகம் சுவர்ப்பக்கம். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். வெளியே வருண் யாரிடமோ, இங்க நாலு பேர், அங்க ஆறு பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏண்டி."

"என்ன?"

"நீ சொன்னா நடக்குது இல்ல?"

"நடக்கப் போறத சொன்னேன். நான் சொன்னதால நடக்கலம்மா."

"ஏதோ ஒண்ணு." இன்னும் திரும்பாமல்: "இந்தக் கடை வெளங்காதுன்னு ஒரு தடவ சொல்லேன்."

பேனாவை மூடினேன்.

"சும்மாத்தாண்டி. வாயால சொல்லு, போதும்."

சொல்லவில்லை. முன்சுவரும் அதே சூளைச் செங்கல்.